வேலூரில் எங்கள் கல்லூரியில் உலகப் படவிழா: மூன்று நாளா, ஒரு நாளா? யோசனை சொல்லுங்கள்

சேண்பாக்கத்துப் பொண்ணு · ஜூன் 18, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். வேலூரில் ஒரு கலைக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறை சார்பில் இந்த வருடம் உலகத் திரைப்பட, பண்பாட்டு விழா நடத்தப் போகிறோம். பொறுப்பு எனக்கும் இன்னும் நான்கு பேருக்கும். இப்போதைக்கு உள்ள திட்டம் இது: மூன்று நாள், எட்டுப் படம், முதல் நாள் குத்துவிளக்கு, வெளிநாட்டிலிருந்து ஒருவர் ஜூமில் பேசுவது, கடைசி நாள் மாலை பக்கத்துக் கல்லூரிகளில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களின் நடனம்.

என் கவலை வேறு. போன வருடம் ஒரு கொரியப் படம் போட்டோம். ஆங்கில சப்டைட்டில். ஆரம்பத்தில் செமினார் ஹால் நிறைந்திருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் முன்வரிசை ஆசிரியர்களும் நாங்கள் சிலரும்தான். படம் அருமையான படம். என் பக்கத்தில் ஒடுகத்தூரிலிருந்து வரும் ஒரு பொண்ணு உட்கார்ந்திருந்தாள், முதல் ஆண்டு, பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. எழுந்து போகும்போது சொன்னாள்: “வரியைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள மாறிடுதுக்கா. முகத்தைப் பார்க்கவே நேரமில்ல.”

அது எனக்குள் நின்றுவிட்டது. இந்த வருடம் அவள் கடைசி வரை உட்கார்ந்து பார்க்க வேண்டும். என்ன படம் போடலாம், எப்படிப் போடலாம்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கொணவட்டம் · ஜூன் 18, இரவு 10:25

மூன்று நாளைக் குறைக்காதீர்கள் என்பேன். நம் ஊரில் பிள்ளைகள் பெரிய விழா என்றால் வி.ஐ.டி. ரிவியேராவைத்தான் நினைக்கிறார்கள். வெளிநாட்டு மாணவர்கள், பெரிய மேடை, வெளிச்சம் எல்லாம் அங்கே இருக்கிறது. சிறிய கல்லூரிப் பிள்ளைகளுக்கும் அந்த மாதிரி ஒரு மேடை வேண்டாமா? நான் படித்த காலத்தில் கல்சுரல்ஸில் ஒரு முறை மேடை ஏறினேன். இன்றுவரை நாலு பேர் முன்னால் பயமில்லாமல் பேசுவது அதனால்தான்.

---

பதினாறு எம்எம் · ஜூன் 19, காலை 6:10

அம்மா, உங்கள் பதிவைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எனக்கு 68 வயது. எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு திரைப்படக் கழகம் நடத்தினோம். புனேயில் 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் அப்போது கழகங்களுக்கு 16 எம்.எம். படச்சுருள் பிரதிகளைக் கொடுத்து வாங்கும். தகரப் பெட்டியில் ரயிலேறி வரும். காட்பாடி ஜங்ஷன் பார்சல் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு எடுத்து, சைக்கிள் ரிக்‌ஷாவில் பாலாற்றுப் பாலம் தாண்டிக் கொண்டுவருவோம். திங்கட்கிழமை திருப்பி அனுப்பியாக வேண்டும்.

எங்களுக்கும் இதே பிரச்சினை இருந்தது. வருபவர்களில் பீடி சுற்றுபவர், நெசவு செய்பவர், பள்ளி ஆசிரியர் எல்லோரும் உண்டு. ஆங்கில வரி பாதிப் பேருக்கு ஓடாது. அதனால் முதல் நாளே படத்தைப் போட்டுப் பார்த்து, கதையை இரண்டு பக்கத்தில் தமிழில் எழுதி, சைக்ளோஸ்டைல் எடுத்து வாசலில் கொடுப்போம். முடிவை மட்டும் எழுத மாட்டோம். மங்கலான ஊதா எழுத்து. அந்தத் தாளைப் பலர் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தென்னிந்தியாவின் முதல் மௌனக் கதைப்படமான ‘கீசக வதம்’ எடுத்த ஆர். நடராஜ முதலியார் வேலூரில் பிறந்தவர். 1910-களின் கடைசியில் எடுத்த அந்தப் படத்தின் நடுவே வரும் எழுத்து அட்டைகளைத் தமிழ், ஆங்கிலம், இந்தி என்று மூன்று மொழியில் போட்டார். பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஆனால் பார்க்கிறவனுக்குத் தெரிந்த மொழியில் எழுத்து வேண்டும் என்று முதல் படத்திலேயே நினைத்தவர் நம் ஊர்க்காரர். நூறு வருடம் கழித்து நாம் ஆங்கில வரியை மட்டும் ஓடவிட்டால் எப்படி?

எட்டுப் படம் வேண்டாம். இரண்டு போதும். தமிழில் போடுங்கள்.

---

ஆம்பூர் ரயில் · ஜூன் 19, காலை 8:02

ஐயா எழுதியதை ரயிலிலேயே படித்தேன். ‘கீசக வதம்’ வேலூர்க்காரர் எடுத்தது என்று இன்றுதான் தெரியும்.

அக்கா, ஒரு வேண்டுகோள். எந்த நாளாக இருந்தாலும் நாலு மணிக்கு முடித்துவிடுங்கள். நான் தினமும் ஆம்பூரிலிருந்து வந்து போகிறேன். நாலரைக்குக் கிளம்பினால்தான் காட்பாடியில் ரயில் பிடிக்க முடியும். பேரணாம்பட்டு, அணைக்கட்டுப் பக்கம் போகிற பொண்ணுங்களுக்கு அந்த பஸ்ஸை விட்டால் இருட்டிவிடும், வீட்டில் போன் மேல் போன் வரும். போன வருடம் பாதியில் எழுந்து போனவர்கள் எல்லோருக்கும் படம் பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். நானும் அப்படிப் போனவன்தான். கடைசி அரை மணி நேரம் என்ன ஆனது என்று இன்றும் தெரியாது.

---

சேண்பாக்கத்துப் பொண்ணு · ஜூன் 19, மாலை 7:15

தம்பி, இதை நான் யோசிக்கவே இல்லை. எங்கள் வீடு கல்லூரியிலிருந்து இருபது நிமிடம். நேர அட்டவணையை இன்று மாற்றுகிறேன்.

ஐயா, மிக்க நன்றி. அந்தத் தாள் ஏதாவது கைவசம் இருந்தால் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

---

காட்பாடி மாலை · ஜூன் 19, இரவு 11:30

நான் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். விழாக்களுக்குக் காகித வேலை பார்த்துப் பழக்கம். சட்டத்தை முதலில் பார்த்துவிடுங்கள். இதைக் கவனிக்காமல் கடைசி நேரத்தில் நிறுத்திய நிகழ்ச்சியை நான் பார்த்திருக்கிறேன்.

காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52 கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்குக் கொடுக்கிறது. கல்லூரியின் செயல்பாடாக ஒரு படத்தைக் காட்டலாம். ஆனால் பார்வையாளர்கள் மாணவர்கள், ஆசிரியர்கள், பணியாளர்கள், மாணவர்களின் பெற்றோர் அல்லது பாதுகாவலர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையவர்கள் என்ற அளவில் இருக்க வேண்டும். ஊருக்கே நோட்டீஸ் ஒட்டி அழைத்தால் அந்த விலக்கு போய்விடும். அப்போது உரிமை வைத்திருப்பவரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். பொதுக் காட்சி என்றாகிவிட்டால் 1952-ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழும் வேண்டும். சர்வதேசப் படவிழாக்கள் சான்றிதழ் இல்லாத படங்களைக் காட்ட மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடம் தனியாக விலக்கு வாங்குகின்றன. ஒரு துறைக் கழகம் அந்த வழியில் போக வேண்டியதில்லை.

யாருடைய ஓடிடி கணக்கிலிருந்தும் ஓடவிடாதீர்கள். அந்தச் சந்தா சொந்த உபயோகத்துக்கு மட்டும். முறையாக விற்கும் டிஸ்க்கை நூலகத்தின் பெயரில் பில்லோடு வாங்குங்கள். சென்னையில் கோத்தே இன்ஸ்டிட்யூட், அலியான்ஸ் பிரான்சேஸ் இரண்டும் திரைப்படக் காட்சிகள் நடத்துகிறவை. ஜெர்மன், பிரெஞ்சுப் படம் என்றால் துறைத் தலைவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதிக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? அந்தப் பட்டியலில் பெற்றோர் இருக்கிறார்கள். நம் கல்லூரிகள் பெற்றோரை எப்போது கூப்பிடுகின்றன? வருகைப் பதிவு குறைந்தால், ஃபீஸ் பாக்கி இருந்தால், பையன் சண்டை போட்டால். ஒரு படம் பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. சட்டமே இடம் கொடுக்கிறது.

---

ஆம்பூர் ரயில் · ஜூன் 20, காலை 8:10

என் அம்மா ஷூ கம்பெனியில் தையல் லைனில் வேலை செய்கிறார். அப்பாவும் தோல் வேலைதான். அம்மாவைக் கூட்டிவரலாமா? என் கல்லூரியை அவர் வெளியிலிருந்துதான் பார்த்திருக்கிறார், அட்மிஷன் அன்று.

---

வரிக்கு வரி · ஜூன் 20, பிற்பகல் 2:45

தம்பியின் கேள்வியைப் பார்த்ததுமே எனக்குப் படம் கிடைத்துவிட்டது. மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’, 1997, ஈரான். ஒன்றரை மணி நேரத்துக்கும் ஒரு நிமிடம் குறைவு. படம் ஆரம்பிக்கும்போதே திரை முழுக்க ஒரு சின்னப் பெண்ணின் கிழிந்த ஷூவும், அதைத் தைக்கிற ஒரு தொழிலாளியின் கையும்தான். ஊசி ஏறி இறங்குகிறது, பசை பூசுகிறார், அவ்வளவுதான். ஆம்பூர், பேரணாம்பட்டு, வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு அந்தக் கையை யாரும் விளக்க வேண்டாம். உலகத்தில் வேறெந்த ஊரிலும் இந்தப் படத்துக்கு இவ்வளவு பொருத்தமான பார்வையாளர்கள் கிடைப்பார்களா என்று தெரியவில்லை.

நான் வாணியம்பாடி. சப்டைட்டில் வேலை சில வருடமாகச் செய்கிறேன். தமிழ் வரியை இலவசமாகவே எழுதித் தருகிறேன். ஐந்து மாணவர்கள் என்னோடு உட்கார வேண்டும், அதுதான் நிபந்தனை.

---

கொணவட்டம் · ஜூன் 20, மாலை 4:20

இதே கதை தமிழில் ‘அக்கா குருவி’ என்று 2022-இல் வந்ததே. அதையே போட்டால் எல்லோருக்கும் புரியுமே?

---

வரிக்கு வரி · ஜூன் 20, மாலை 5:05

புரியும். ஆனால் விழாவின் நோக்கம் கதை புரிவது மட்டுமில்லையே. தெஹ்ரானின் சந்தில் நடுவே ஓடும் சாக்கடை, வீட்டு முற்றத்துத் தொட்டி, மீன், பிள்ளைகள் பேசுகிற பாரசீகம், இதெல்லாம் கண்ணிலும் காதிலும் விழ வேண்டும். அந்த மொழி நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. ஆற்காட்டு நவாப் தர்பாரில் ஏடுகள் பாரசீகத்தில்தான் எழுதப்பட்டன. தாசில்தார், ஜமாபந்தி, பஜார், தயார் எல்லாம் அந்த வழியாக நம் வாய்க்கு வந்தவை. எங்கள் ஊரில் உருது பேசும் வீட்டுப் பிள்ளைகள் படத்தில் பத்து வார்த்தையாவது தானாகப் பிடித்துவிடுவார்கள்.

---

மேல்மொணவூர் · ஜூன் 21, இரவு 8:55

படத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. பண்பாட்டு நிகழ்ச்சி என்று எழுதியிருந்ததால் சொல்கிறேன்.

நான் மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் பிறந்தவள். தாத்தாவும் அம்மம்மாவும் 1990-இல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர்கள். முதலில் மண்டபம், பிறகு இங்கே. நான் படித்த இடத்தில் ஒரு முறை சர்வதேசப் பண்பாட்டு நாள் நடந்தது. வெளிநாட்டு மாணவர்கள் அவரவர் நாட்டுக் கொடியோடு, உடையோடு வரிசையாக வந்தார்கள். கைதட்டினோம். நான் எந்த வரிசையில் நிற்பது என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது. நான் கண்ட ஊர் வேலூர் மட்டும்தான்.

அன்றைக்கு மேடையில் ஆடிய ஓர் ஆப்பிரிக்க மாணவரை நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். அவர் என்ன படிக்கிறார், எங்கே சாப்பிடுகிறார், இந்த வெயிலை எப்படித் தாங்குகிறார் என்று ஒருவரும் கேட்கவில்லை. பிறகு ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோது அவரே சொன்னார், தனக்கு ஆடவே வராது, ஊரில் ஆடியதும் இல்லை, நிகழ்ச்சிக்காகக் காணொளி பார்த்துக் கற்றுக்கொண்டாராம்.

நடனத்துக்குப் பதிலாக ஒன்று செய்யலாமா? ஆளுக்கு ஐந்து நிமிடம். “எங்கள் வீட்டில் படம் பார்க்கும் விதம்” என்று பேசச் சொல்லுங்கள். அம்மம்மா சொல்வார், மன்னாரில் யாராவது ஒரு வீட்டில் டிவியும் வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்து, முற்றத்தில் பாய் விரித்து, விடிய விடிய மூன்று படம் பார்ப்பார்களாம். மூன்றாவது படம் ஓடும்போது பிள்ளைகள் எல்லாம் பாயிலேயே நித்திரை. அந்தப் படத்தின் முடிவு எந்தப் பிள்ளைக்கும் தெரியாது. இதை நான் சொல்லத் தயார்.

---

பதினாறு எம்எம் · ஜூன் 22, காலை 5:50

மகளே, நீங்கள் எழுதியதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவர் ஊர் செய்யாறு பக்கம். “எங்க ஊர்லயும் இதேதான், டெக்கு, பாயி, மூணு படம்” என்றார். கடலுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பிள்ளைகள் மூன்றாவது படத்தில் தூங்கியிருக்கிறார்கள்.

அவசியம் பேசுங்கள். நான் வந்து கேட்பேன். பெற்றோர் கணக்கில் எனக்கு இடம் கிடைக்காது என்றால் வாசலிலாவது நிற்கிறேன்.

---

காட்பாடி மாலை · ஜூன் 22, காலை 9:00

ஐயா, கதைத் தாள் எழுதச் சொல்லித்தரும் கருத்தாளராக உங்களைக் கல்லூரி அழைக்கட்டும், கடிதம் கொடுக்கட்டும். அப்போது நீங்கள் நிகழ்ச்சியோடு தொடர்புடையவர்தான்.

---

ஒலி ஒளி ராணிப்பேட்டை · ஜூன் 23, இரவு 10:40

தொழில்நுட்பம் பற்றி யாரும் பேசவில்லை. நான் கல்யாண மண்டபம், கல்லூரி ஹால் எல்லாவற்றுக்கும் ஒலி, திரை வைப்பவன். நல்ல படத்தைக் கெட்ட ஒலியில் போட்டால் பத்து நிமிடத்தில் ஆள் எழுந்து போய்விடுவான், மொழி தெரிந்திருந்தாலும்.

செமினார் ஹாலில் பிரச்சினையே எதிரொலி. டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல், வெறும் சுவர். தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், பக்கச் சுவரில் கனமான கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். எதிரொலி பாதி குறையும், ஜன்னல் வெளிச்சமும் அடைபடும். ஆனால் ஆகஸ்ட் மாத வேலூரில் ஜன்னலை மூடி நூறு பேரை உட்கார வைத்தால் புழுக்கம் தாங்காது. காற்றை வெளியே தள்ளுகிற பெரிய ஃபேன் இரண்டு பின்பக்கம் வையுங்கள், குடிதண்ணீர் கேன் உள்ளேயே இருக்கட்டும்.

அடுத்தது முக்கியம். டிஸ்க்கில் ஒலி 5.1-ஆக இருந்தால் வசனம் பெரும்பாலும் நடு சேனலில் இருக்கும். ஹாலில் இருப்பதோ இடது வலது இரண்டே ஸ்பீக்கர். பிளேயரில் ஸ்டீரியோ என்று மாற்றாமல் விட்டால் பாட்டும் சத்தமும் கேட்கும், பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வரும். முந்தின நாளே போட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். படத்தையும் திரை முழுக்க இழுத்து நிரப்பாதீர்கள். மேலே கீழே கறுப்புப் பட்டை இருந்தால் இருக்கட்டும். இழுத்தால் எல்லார் முகமும் புடலங்காயாக நீண்டுவிடும்.

தமிழ் எழுத்து விஷயம்: கோப்பை யூடிஎஃப்-8-இல் சேமிக்கவில்லை என்றால் கட்டம் கட்டமாகத்தான் வரும். சில பிளேயரில் கொம்பும் காலும் எழுத்தை விட்டுத் தனியாக ஓடும். எந்த லேப்டாப்பில் விழா அன்று ஓடப்போகிறதோ அதே லேப்டாப்பில் பாருங்கள். பவர் கட் ஆனால் ப்ரொஜெக்டர் திடீரென்று அணையக் கூடாது, யூபிஎஸ் கட்டாயம்.

ஸ்பீக்கர் நான் கொண்டுவருகிறேன். வண்டி வாடகை மட்டும் கொடுங்கள்.

---

சேண்பாக்கத்துப் பொண்ணு · ஜூலை 9, இரவு 9:20

இரண்டு வாரமாக எழுத முடியவில்லை. இன்டர்னல் தேர்வு நடந்தது.

துறையில் பேசினோம். மூன்று நாள் ஒரு நாளாகிவிட்டது. எளிதாக நடக்கவில்லை. ஒரு நாள் நிகழ்ச்சிக்கு சர்வதேசம் என்று எப்படிப் பெயர் வைப்பது, கல்லூரிக்குத் தர மதிப்பீடு போடும் நாக் குழுவுக்கு அறிக்கையில் என்ன காட்டுவது என்று கேட்டார்கள். மேடம்தான் கடைசியில் எங்கள் பக்கம் நின்றார். நான் அந்த ஒடுகத்தூர்ப் பொண்ணு சொன்னதை அவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தானும் திருப்பத்தூரில் தமிழ் வழியில் படித்தவர் என்றார். மூன்று வருடமாக அவரிடம் படிக்கிறேன், எனக்கு இது தெரியாது.

காலையில் சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’, 1936. வசனம் மிகக் குறைவு, நடுவில் ஆங்கில எழுத்து அட்டைகள் வரும். அதை ஒருவர் மைக்கில் தமிழில் சொல்வது. மௌனப்பட காலத்தில் திரைக்குப் பக்கத்தில் கதை சொல்ல ஆள் இருப்பார் என்று ஐயா போனில் சொன்னதிலிருந்து வந்த யோசனை. எங்கள் வகுப்பில் ஒரு பையனின் குடும்பம் ஆரணிப் பக்கம் தெருக்கூத்து ஆடுபவர்கள், அவன் கட்டியக்காரன் வேடம் கட்டியவன். அவன்தான் சொல்லப் போகிறான். மதியம் ஈரான் படம். இடையில் ஐந்து பேர் பேச்சு. மூன்றே முக்காலுக்கு முடிவு.

வரிக்கு வரி அண்ணா, வாணியம்பாடிக்கு வரும் ஞாயிறு ஐந்து பேர் வருகிறோம்.

---

வரிக்கு வரி · ஜூலை 21, இரவு 11:10

மூன்று ஞாயிறு வேண்டியிருக்கும் போலிருக்கிறது. இரண்டு முடிந்தன. இங்கே எழுதி வைக்கிறேன், மற்ற கல்லூரிகளுக்கும் உதவும்.

ஆங்கில வரியை அப்படியே தமிழாக்கினால் நீளம் ஒன்றரை மடங்கு ஆகிறது. “என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று நான் நினைக்கிறேன்” என்று எழுதினால் படிப்பதற்குள் காட்சி போய்விடும். “சொல்லியிருக்கலாமே” போதும். யார் யாரிடம் சொல்கிறார்கள் என்பதை முகம் காட்டுகிறது. திரையில் தெரிவதை வரியில் எழுதக் கூடாது என்பதே எங்கள் முதல் விதி. ஒரு வரிக்கு நான்கைந்து சொல், அதிகம் போனால் இரண்டு வரி. இரண்டு வரிக்குக் குறைந்தது நான்கு நொடி. மாணவர்களில் ஒருவர் சத்தமாகப் படிப்பார், இன்னொருவர் நேரம் பார்ப்பார், தடுக்கிய இடத்தை வெட்டுவோம்.

பெரிய வாக்குவாதம் ஒன்று வந்தது. படத்தில் தங்கை ஜஹ்ரா தன் அண்ணனை அலி என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறாள். நம் வீட்டில் எந்தத் தங்கை அப்படிக் கூப்பிடுவாள்? “அண்ணா” என்று போடலாம் என்றார்கள் மூன்று பேர். அப்படிப் போட்டுப் பார்த்தோம். காதில் “அலி” என்று விழுகிறது, கண்ணில் “அண்ணா” என்று ஓடுகிறது. எழுதியவர்களுக்கே உறுத்தியது. அவர்கள் வீட்டில் அப்படித்தான் என்று பார்க்கிறவர்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்று முடிவெடுத்து “அலி” என்றே விட்டோம். அப்பா அம்மாவிடம் பிள்ளைகள் நீ என்பார்களா நீங்கள் என்பார்களா என்பதற்கு இன்னும் ஒரு ஞாயிறு போகும். ஆம்பூர் தம்பி “எங்க வீட்ல அம்மாவை நீ, அப்பாவை நீங்க” என்கிறார். அப்படியே வைக்கலாம் என்று தோன்றுகிறது.

இந்தக் கோப்பை இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கல்லூரிக் காட்சிக்கு மட்டும்.

---

கொணவட்டம் · ஜூலை 22, காலை 7:30

முதலில் நான் எதிர்த்துப் பேசியவன். அந்த அலி, அண்ணா விஷயத்தைப் படித்ததும் இது எவ்வளவு பெரிய வேலை என்று தெரிந்தது. மதியச் சாப்பாட்டுக்குக் குஸ்கா என் பொறுப்பு. நூற்றைம்பது பேர் வரை செய்து தருகிறேன். சைவத்துக்குத் தயிர்சாதம்.

---

சேண்பாக்கத்துப் பொண்ணு · ஆகஸ்ட் 10, காலை 10:15

நேற்று நடந்தது. இன்னும் கால் வலிக்கிறது.

நூற்றைம்பது நாற்காலி போட்டோம். மாணவர்கள் நிறைய, பெற்றோர் முப்பத்தொரு பேர். அதில் இருபத்தாறு பேர் அம்மாக்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் சுற்றுப்பக்கத்து ஊர்களிலிருந்து சேர்ந்தே வந்தார்கள். அப்பாக்கள் ஐந்து பேர்தான். சனிக்கிழமை பலருக்கு வேலை.

காலையில் சாப்ளின் கன்வேயர் முன்னால் நின்று நட்டு முடுக்கும் காட்சி. மாணவர்கள் சிரித்தார்கள். பெற்றோர் வரிசையில் முதலில் சிரிப்பு வரவில்லை. சாப்ளின் வேலை நின்ற பிறகும் கை நிற்காமல் முடுக்கிக்கொண்டே நடக்கிற இடத்தில்தான் அந்த வரிசை முழுக்கச் சிரித்தது. ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம் தன் கையைத் தூக்கிக் காட்டினார்.

மைக்கில் சொன்ன ஆரணிப் பையன் அட்டையைப் படித்ததோடு நிற்கவில்லை. இரண்டு இடத்தில் கூத்து ராகத்தில் இழுத்தும் விட்டான். ஐயா எழுந்து நின்று கைதட்டினார்.

மேல்மொணவூர் அக்கா மூன்றாவதாகப் பேசினார். அம்மம்மாவும் வந்திருந்தார். மூன்றாவது படத்தில் பிள்ளைகள் தூங்குவதைச் சொன்னதும் பின்னாலிருந்து நாலைந்து குரல், “எங்க ஊர்லயும், எங்க ஊர்லயும்” என்று. நைஜீரியாவிலிருந்து வந்து படிக்கும் ஒரு மாணவர் ஆங்கிலத்தில் பேசினார், ஆரணிப் பையனே வரிக்கு வரி தமிழில் சொன்னான். அவர் தன் சித்தி வீட்டில் ஜெனரேட்டர் போட்டுப் படம் பார்ப்பதைச் சொன்னார், பெட்ரோல் தீர்ந்தால் மீதிக் கதையைச் சித்தி தானே கற்பனையாகச் சொல்லி முடிப்பாராம். பிறகு குஸ்கா வரிசையில் அவரைச் சுற்றி நின்றவர்கள் கேட்டது அந்தச் சித்தியைப் பற்றித்தான்.

ஈரான் படத்தில் ஒரு தடங்கல். இருபதாவது நிமிடத்தில் வரிகள் இரண்டு நொடி பிந்தின. ஒலி ஒளி அண்ணா நிறுத்தாமலே சரிசெய்தார். மூன்றாம் பரிசான ஷூவைத் தங்கைக்காக ஜெயிக்க அலி ஓடும் கடைசி ஓட்டப்பந்தயத்தில் ஹாலில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. முடிந்து விளக்குப் போட்டதும் யாரும் எழவில்லை. நான்தான் மணி மூன்று ஐம்பது, பஸ் போய்விடும் என்று மைக்கில் சொல்ல வேண்டியிருந்தது.

ஒடுகத்தூர்ப் பொண்ணு கடைசி வரை இருந்தாள். என்னிடம் வந்து, “மூணாம் பரிசுதான்க்கா அவனுக்கு வேணும், அவனப் போயி மொதல்ல ஓட வச்சிட்டாங்களே” என்று அழுதுகொண்டே சொன்னாள்.

---

ஆம்பூர் ரயில் · ஆகஸ்ட் 10, இரவு 9:05

கையைத் தூக்கிக் காட்டியது என் அம்மாதான்.

ரயிலில் வரும்போது அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பச்சகுப்பம் தாண்டும்போது, முதலில் அந்த ஷூ தைத்தவரைப் பற்றிச் சொன்னார். தையல் நெருக்கமாகப் போடவில்லையாம், அந்த ஷூ ரொம்ப நாள் வராதாம். வீட்டுக்கு வந்து அப்பாவுக்கு முழுக் கதையும் சொன்னார், ஓட்டப்பந்தயம் வரை. அப்பா கேட்டுவிட்டு, அடுத்த முறை ஞாயிற்றுக்கிழமை வைப்பார்களா என்று கேட்கச் சொன்னார்.

---

சேண்பாக்கத்துப் பொண்ணு · ஆகஸ்ட் 10, இரவு 9:30

தம்பி, ஞாயிற்றுக்கிழமை ஹால் திறக்க வாட்ச்மேன் அண்ணாவிடம் நாளைக்கே பேசுகிறேன்.